கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லி, அதை மாதம் தவறாமல் செய்துவரும் சிறு வணிகருக்குப் பெரிய விளம்பரம் இல்லாமலே நம்பிக்கை சேர்கிறது. இந்தப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது? எப்படி விடாமல் நடத்துவது?

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்த அடி வங்கிகளோடு நிற்கவில்லை. வீட்டின் மதிப்பைக் காட்டிக் கடன் வாங்கிச் செலவு செய்துவந்த குடும்பங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன. அப்படிக் கடன் வாங்கிச் செய்யும் செலவுகளில் ஒன்று வீட்டுத் தோட்டத்து நீச்சல் குளம். வர்ஜீனியா மாநிலத்தில் கண்ணாடியிழைக் குளங்களைப் பதித்துக் கொடுக்கும் தொழிலை 2001-ல் தொடங்கியிருந்த ‘ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ்’ என்ற சிறு நிறுவனத்திடம், வேலைக்கு ஒப்புக்கொண்டவர்களே வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதுவரை விளம்பரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,50,000 டாலர் செலவிட்டு வந்தவர்களால் இனி அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

மூன்று பங்காளிகளில் ஒருவர் மார்கஸ் ஷெரிடன். குளம் வாங்க வந்தவர்கள் அத்தனை ஆண்டுகளில் தன்னிடம் என்னென்ன கேட்டார்கள் என்பதை அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினார். ஒவ்வொரு கேள்வியையும் தலைப்பாக வைத்து, நேரில் சொல்வது போலவே பதில் எழுதி, 2009 முதல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட ஆரம்பித்தார். பகலெல்லாம் தொழில், வீடு அடங்கிய பிறகு எழுத்து.

அவர் எடுத்த முதல் கேள்விகளில் ஒன்று, அந்தத் தொழிலில் யாரும் எழுத்தில் தொடத் துணியாதது: “கண்ணாடியிழைக் குளம் கட்ட எவ்வளவு ஆகும்?” போட்டியாளர் பார்த்துவிடுவார், வாடிக்கையாளர் பயந்து ஓடிவிடுவார் என்று எல்லோரும் மூடி வைத்திருந்த விஷயம் அது. ஷெரிடன் ஒற்றை விலை சொல்லவில்லை. எந்த அளவுக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை போகும், எதைச் சேர்த்தால் விலை ஏறும், எதைக் குறைத்தால் இறங்கும் என்று விளக்கினார். அந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் மூலம் மட்டும் பல லட்சம் டாலர் வியாபாரம் நடந்ததாகப் பின்னாளில் அவர் கணக்குச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கண்ணாடியிழைக் குளத்தில் என்னென்ன குறைகள் உண்டு என்று எழுதினார். தன் வட்டாரத்தில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, அதில் தன் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்காமல் விட்டார்.

நிறுவனம் பிழைத்தது. விளம்பரச் செலவு பழைய தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்த பிறகும் வியாபாரம் பழைய அளவைத் தாண்டியது. தங்கள் தளத்தில் 30 பக்கங்களுக்கு மேல் படித்துவிட்டு நேரில் பேச ஒப்புக்கொண்டவர்களில் 80 சதவீதம் பேர் குளம் வாங்கினார்கள் என்பது ஷெரிடன் கண்டறிந்த இன்னொரு கணக்கு. பேரம் தொடங்கும் முன்பே நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கதையில் எழுத்துத் திறமைக்கு அதிக இடமில்லை. ஷெரிடன் செய்தது இரண்டு காரியம். வாடிக்கையாளர் கேட்டதை மறக்காமல் வைத்திருந்தார். பதில் எழுதுவதை நிறுத்தாமல் செய்தார். இந்த இரண்டும் நம் ஊரில் தேங்காய் எண்ணெய் விற்பவருக்கும் பட்டுச் சேலை விற்பவருக்கும் இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவருக்கும் கைக்கு எட்டியவைதான்.

இது புதிய யுக்தி இல்லை

வணிகர் தன் வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து எழுதுவது இணையத்தோடு பிறந்த வழக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் 1732 இறுதியிலேயே பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின், ‘ரிச்சர்ட் சாண்டர்ஸ்’ என்ற புனைபெயரில் ஒரு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். அதற்கு அடுத்த 25 ஆண்டுகளும் அது தவறாமல் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றன. அச்சகத்தைத் தாங்கிய வருமானங்களில் அது முக்கியமானது. முக்கிய தினங்களுக்கு இடையே மிஞ்சிய வெற்றிடங்களைச் சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய சிறு வாசகங்களால் நிரப்பியதாகப் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார். வேறு புத்தகம் வாங்க வசதியில்லாத எளிய மக்கள் படிக்கும் ஒன்று இந்தப் பஞ்சாங்கம் என்பதை அவர் அறிந்திருந்தார். சிவகாசியில் அச்சாகி நம் சுவர்களில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பொன்மொழி வருவதும் இதே வகை வேலைதான்.

1895-ல் அமெரிக்காவின் ஜான் டீர் கலப்பை நிறுவனம் ‘தி பர்ரோ’ என்ற விவசாய இதழைத் தொடங்கியது. உழவர் தன் நிலத்தை எப்படி நன்றாக வைத்துக்கொள்வது, விளைச்சலை எப்படிக் கூட்டுவது என்பதே அதன் உள்ளடக்கம். கலப்பை விற்கும் முகவர்கள் வழியாக அது விவசாயிகள் கைக்குப் போனது. இன்றும் அது பல நாடுகளில், பல மொழிகளில் வருகிறது. ஜான் டீர் பெரிய நிறுவனம், பிராங்க்ளினுடையது சிறு அச்சகம். ஆனாலும் வாசகருக்கு இரண்டிலும் ஒரே உறுதி கிடைத்தது: இது வரவேண்டிய நேரத்தில் வரும், வந்தால் எனக்கு உதவும்.

லண்டனின் சாவில் ரோ தெரு, அளவெடுத்துத் தைக்கும் கோட்டு சூட்டுக்கு உலகப் புகழ் பெற்றது. அந்தத் தெருவின் பெயர் பெற்ற கடையொன்றில் தொழில் கற்ற தாமஸ் மேஹன் என்ற தையல்காரர், 2005 ஜனவரியில் ‘இங்கிலிஷ் கட்’ என்ற பெயரில் இணையத்தில் எழுதத் தொடங்கினார். விளம்பரத் துறையிலிருந்து வந்த ஹியூ மெக்லியாட் என்ற நண்பர் கொடுத்த யோசனை அது. மேஹன் எழுதியது முழுக்கத் தன் தொழில். கோட்டின் உள்ளே வைக்கும் கான்வாஸ் துணி எதற்கு, கையால் போடும் தையல் எங்கே தேவை, ஒரு சூட்டுக்கு ஏன் அவ்வளவு விலை, அளவெடுத்த பிறகு எத்தனை முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் பேசும் பாஷையில் விளக்கினார். தான் மதிக்கும் மற்ற தையல்காரர்களைப் பற்றியும் எழுதினார். அதுவரை தெரிந்தவர் சொல்லித்தான் வாடிக்கை வரும் என்றிருந்த தொழிலில், அவரை நேரில் பார்த்தேயிராத அமெரிக்கர்கள் படித்துவிட்டு ஆர்டர் கொடுக்க வந்தார்கள். ரகசியம் காத்துப் பழகிய தெருவில், சொல்லிக் கொடுத்தவருக்குத்தான் பெயர் கிடைத்தது.

சிவகாசியின் ஞாயிற்றுக்கிழமை

தமிழில் இதற்கு நல்ல முன்னுதாரணம் சிவகாசியில் இருக்கிறது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டும் ஒரே குடும்பத்தின் வெளியீடுகள். லயனின் ஆசிரியர் எஸ். விஜயன், இதழ்களில் ‘ஹாட்-லைன்’ என்ற பகுதியில் வாசகரோடு நேராகப் பேசுவதை வழக்கமாக வைத்திருந்தார். இதழ்கள் சில ஆண்டுகள் தடுமாறி, 2012-ல் புது வடிவில் திரும்பியபோது அந்தப் பேச்சு இணையத்துக்கு வந்தது. வாரக் கடைசியில் அவருடைய பதிவுக்காகக் காத்திருக்கும் வாசகர் கூட்டம் உருவாயிற்று.

அந்தப் பதிவுகளில் அடுத்த மாத இதழ்களின் அறிவிப்பு இருக்கும். அதோடு எந்தக் கதையை ஏன் தேர்ந்தெடுத்தோம், எது விற்கவில்லை, எந்த இதழ் கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது, உரிமம் வாங்குவதில் என்ன சிக்கல் என்பதெல்லாம் இருக்கும். வாசகர்கள் எதிர்க் கருத்துச் சொல்வார்கள், சண்டை போடுவார்கள், எந்த நாயகன் வேண்டும் எந்த நாயகன் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்வார்கள். கடைகளில் தொங்கி விற்ற காலம் போய், முன்கூட்டியே சந்தா கட்டி வாங்கும் வாசகரை நம்பி நடக்கும் பதிப்பகத்துக்கு இந்த உரையாடல் உயிர்நாடி. பொருளைப் பார்க்காமலே ஓராண்டுக்கான பணத்தை முன்னால் கட்டுகிறவர் வெறும் அட்டைப்படத்தைப் பார்த்து அப்படிச் செய்வதில்லை. பேசுகிறவர் அடுத்த வாரமும் பேசுவார் என்று தெரிந்ததால் கட்டுகிறார்.

பிலடெல்பியா அச்சகக்காரரும் வர்ஜீனியா குளக்காரரும் லண்டன் தையல்காரரும் சிவகாசிப் பதிப்பாளரும் வேறு வேறு காலம், வேறு வேறு தொழில். வருவேன் என்ற நாளில் வந்து, பிறர் சொல்லத் தயங்கியதைச் சொன்னதில் நால்வரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஏன் பாதியில் நிற்கிறது?

கடை திறந்த புதிதில் உற்சாகமாக எழுதுகிறவர்கள் நிறைய. “எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம்” என்று ஒன்று, “எங்கள் சிறப்புகள்” என்று ஒன்று, பிறகு பொங்கல் வாழ்த்து. அதற்கடுத்து அடுத்த ஆண்டுப் பொங்கல் வாழ்த்து. இடையில் எதுவும் இல்லை. கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அவர்களிடம் முதலில் தீர்ந்தது நேரம் இல்லை, சொல்லும் விஷயம். தன்னைப் பற்றிச் சொல்ல எந்தக் கடைக்கும் இரண்டு மூன்று பதிவுக்கு மேல் சரக்கு இருக்காது. வாடிக்கையாளரின் சந்தேகங்களுக்கோ முடிவே இல்லை. எதை எழுதுவது என்று மேலே பார்த்து யோசிக்கிறவர் நிற்கிறார். எதிரே நிற்கிறவர் என்ன கேட்டார் என்று குறித்து வைக்கிறவர் தொடர்கிறார்.

ஆகவே முதல் கருவி ஒரு நோட்டு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைக்கு வந்தவர், போனில் அழைத்தவர், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியவர் யார் எதைக் கேட்டாலும் அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். வார்த்தையை மாற்றக் கூடாது. “எண்ணெயில் அடியில் மண்டி நிக்குதே, பழசா?” என்று கேட்டால் அதுவேதான் தலைப்பு. தேடுபொறியில் தட்டச்சு செய்கிறவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கிறார். “வண்டல் படிதல் குறித்த விளக்கம்” என்று யாரும் தேடுவதில்லை. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இந்த நோட்டு பொது. முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை வாடிக்கையாளர்கள் அவர்களிடம்தான் கேட்கிறார்கள்.

மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். அந்த நோட்டில் சில நாட்களிலேயே என்னென்ன சேரும்? ரீஃபைண்ட் எண்ணெயைவிட விலை ஏன் இவ்வளவு அதிகம்? பொரிக்கும்போது ஏன் பொங்குகிறது? எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்? காறல் வாடை வந்தால் என்ன அர்த்தம்? நல்லெண்ணெயில் கருப்பட்டி எதற்குப் போடுகிறீர்கள்? பிளாஸ்டிக் கேனில் வாங்கலாமா? எள்ளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஆட்டித் தருவீர்களா? ஒவ்வொன்றும் ஒரு பதிவு.

விலையைப் பற்றிய கேள்விக்கு என்ன எழுதலாம்? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குத் தோராயமாக இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு செக்கில் போக வேண்டும். இந்த வார மண்டி விலையில் பருப்புக்கு எவ்வளவு ஆனது, ஆட்டுக் கூலி எவ்வளவு, வெளியே வரும் பிண்ணாக்கை மாட்டுத் தீவனத்துக்கு விற்றதில் எவ்வளவு திரும்பி வந்தது, பாட்டிலுக்கும் மூடிக்கும் எவ்வளவு என்று கூட்டிக் கழித்துக் காட்டலாம். படிக்கிறவர் தாமே கணக்குப் போட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகு, பருப்பு விலைக்கும் கீழே யாராவது ‘செக்கு எண்ணெய்’ விற்றால் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். போட்டியாளரைக் குறை சொல்லி ஒரு வரி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று, மார்கழியில் வரும் கேள்வி: “தேங்காய் எண்ணெய் கட்டியாயிடுச்சு, கெட்டுப்போச்சா?” பதில் இப்படி இருக்கலாம்: “தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். உறைவதாலும் இளகுவதாலும் எண்ணெய் கெடாது. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெயும் குளிரில் உறையும். எனவே உறைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து இது செக்கு எண்ணெய்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் சொன்னாலும்தான்.” அந்தக் கடைசி வரிகள் கடைக்கு ஒரு விற்பனை வாதத்தை இழக்க வைக்கின்றன. ஆனால் அதைப் படித்தவர் அந்தக் கடைக்காரர் எழுதிய மற்ற பத்துப் பதிவுகளையும் நம்புவார்.

பெட்டிச் செய்தி: தீராத ஆறு சுரங்கங்கள்

விலை: எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது. எழுதிய தேதியைக் கட்டாயம் போட வேண்டும்.

குறை: உங்கள் பொருளில் வாடிக்கையாளர் தவறாமல் சொல்லும் புகார், அதன் காரணம், நீங்கள் செய்வது.

ஒப்பீடு: பருத்தியா லினனா, இண்டக்‌ஷனா கேஸா, கையால் தைப்பதா மிஷினா. எது யாருக்குப் பொருந்தும், எது யாருக்குப் பொருந்தாது.

பராமரிப்பு: வாங்கிப் போன பிறகு எப்படி வைத்துக்கொள்வது. பட்டுச் சேலையை எப்படி மடிப்பது, இரும்புத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குவது, பேட்டரிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது.

செய்முறை: பொருள் எப்படி உருவாகிறது. மூலப்பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் கை படுகிறது.

பருவம்: ஆடி, தீபாவளி, மார்கழி, பொங்கல், பள்ளி திறப்பு, முகூர்த்த மாதங்கள். தீபாவளி ரவிக்கைக்குக் கடைசித் தேதி என்ன என்பதைப் புரட்டாசியிலேயே சொல்லும் தையல்காரருக்கு ஐப்பசியில் பாதித் தலைவலி குறையும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

வாரம் மூன்று என்று தொடங்குகிறவர் ஒரு மாதத்தில் களைத்துப்போகிறார். காப்பாற்ற முடிந்த வாக்கைக் கொடுப்பது நல்லது. மாதம் இரண்டு போதும். முதல் வெள்ளி, மூன்றாம் வெள்ளி என்று நாளைச் சொல்லிவிட வேண்டும். நாள் தெரிந்தால் வாசகர் எதிர்பார்ப்பார், எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால் எழுதுகிறவர் எழுதுவார். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24, மூன்று ஆண்டில் 72. ஒரு சிறு தொழிலைப் பற்றிய 72 நேர்மையான பதில்கள் தமிழில் ஒரே இடத்தில் கிடைப்பது இன்று அபூர்வம்.

தொடங்கும் நாளிலேயே நான்கு பதிவுகளை முடித்துக் கையிருப்பாக வைத்துக்கொண்டால், தீபாவளிக் கூட்டமோ வீட்டு விசேஷமோ காய்ச்சலோ வந்தாலும் வரிசை அறுபடாது. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால், அந்த வாரம் கடை மந்தமாக இருக்கும் மதியப் பொழுதில் உட்கார்ந்து நிரப்பிவிட வேண்டும். எழுத வராது என்கிறவர்கள் பேசலாம். கைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித்தரும் வசதி வந்துவிட்டது. கேள்வியை ஒரு பையனை விட்டுக் கேட்கச் சொல்லி, வாடிக்கையாளருக்குச் சொல்வது போல் பதில் சொல்லிப் பதிவு செய்து, பிறகு பிழை திருத்தினால் போதும். பேச்சு நடை வருகிறதே என்று தயங்க வேண்டாம். கடைக்காரர் குரல் கேட்பதற்காகத்தான் வாசகர் வருகிறார்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வீண் கவலை உலவுகிறது. இத்தனை ஆயிரம் சொற்கள் இருந்தால்தான் கூகுள் மேலே காட்டும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி விருப்பமான சொல் எண்ணிக்கை எதுவும் இல்லை என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதிதாகக் காட்டும் தந்திரத்தையும் அது தவறான அறிகுறியாகக் குறிப்பிடுகிறது. பதில் 200 சொல்லில் முடிந்தால் அங்கேயே முடிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நொடியில் கட்டுரை எழுதித் தருகின்றன. பிழை திருத்தவும் ஒழுங்குபடுத்தவும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடந்த புதன்கிழமை விருதுநகர் மண்டியில் எள் எப்படி இருந்தது, இந்த முறை ஏன் கொஞ்சம் ஈரம் அதிகம் என்பது அங்கே நின்று கையில் அள்ளிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எல்லாக் கடையும் ஒரே கருவியிடம் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே கட்டுரையைப் போடப் போகும் காலத்தில், சரக்கைத் தொட்டுப் பார்த்தவரின் அறிவுக்கு மதிப்பு கூடும்.

எழுதக் கூடாதவை

உணவு, எண்ணெய், மூலிகை, அழகுப் பொருள் விற்கிறவர்கள் இந்த இடத்தில் கண்டிப்பாக நிதானிக்க வேண்டும். “இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும்”, “புற்றுநோய் அண்டாது” என்ற வாசகங்கள் சமூக ஊடகத்தில் சாதாரணமாகிவிட்டன. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட ஒரு பட்டியல் நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் பதிவை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவத்தை எந்த லாபமும் கழுவாது.

மற்றவர் எழுதியதை எடுத்துப் போடுவதும் வேண்டாம். வாடிக்கையாளரின் பெயர், படம், அவர் வீட்டு விசேஷத்தின் புகைப்படம் ஆகியவற்றை அவர் அனுமதி இல்லாமல் போடுவதும் வேண்டாம். வாழ்த்துப் பட அட்டைகளுக்குத் தனி இடம் இருக்கட்டும். அவற்றைப் பதில்களோடு கலந்தால், பதில் தேடி வந்தவர் ஏமாந்து திரும்புவார்.

எங்கே எழுதுவது?

தமிழ்நாட்டுச் சிறு வணிகர்களில் பலர் இன்று எழுதுவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். புதுச் சரக்கின் படம், அதன் கீழே இரண்டு வரி. 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். அரிய தகவலை அழகாகச் சொல்லியிருந்தாலும் மறுநாள் அது யாருக்கும் இல்லை. மணலில் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் பல லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், அதை நம்பி வியாபாரம் வளர்த்தவர்கள், அத்தனை உறவையும் ஒரே இரவில் இழந்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். பிறர் இடத்தில் மட்டும் கடை விரித்தால் அந்த இடம் போகும்போது நம்மையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்பது அதில் கிடைத்த பாடம்.

எனவே மூலப் பிரதி சொந்த முகவரியில் இருக்க வேண்டும். சிறிய இணையதளம் போதும். அதன் முகவரி உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால் பின்னால் சிக்கல். எழுதிய அனைத்துக்கும் ஒரு நகல் வீட்டுக் கணினியிலும் இருக்கட்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் எல்லாம் அந்த இடத்துக்கு ஆளைக் கூட்டிவரும் வழிகள். கடை வாசலில் ஒரு க்யூஆர் குறியீடு, பில்லின் பின்பக்கம் இரண்டு வரி முகவரி, பொட்டலத்துக்குள் ஒரு சிறு சீட்டு ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். ஒருவர் அதே கேள்வியை மறுபடி கேட்டால், பழைய பதிவின் இணைப்பை அனுப்பிவிடலாம். ஒரு முறை எழுதியது பல நூறு முறை பதில் சொல்லும்.

பழைய பதிவுகளை ஆண்டுக்கொருமுறை திரும்பப் படிப்பதும் தொடர்ச்சியில் சேர்த்திதான். விலை மாறியிருக்கும், ஜிஎஸ்டி மாறியிருக்கும், நீங்கள் விற்பதை நிறுத்திய பொருள் அங்கே இன்னும் இருக்கும். மாறியதைத் திருத்தி, திருத்திய தேதியைக் குறிப்பிட்டால், அதுவும் ஒரு பதிவுக்குச் சமமான வேலை.

பலனை எதில் பார்ப்பது?

முதல் ஆறு மாதம் எதுவும் தெரியாது. இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ளாதவர்கள்தான் நான்காம் மாதத்தில் விடுகிறார்கள். புதுத் தளத்தைத் தேடுபொறி கவனிக்கவே காலம் எடுக்கும். லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். லைக் போட்டவர் வாங்கவில்லை என்பதும், வாங்கியவர் லைக் போடவில்லை என்பதும் சகஜம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. கடைக்கு வருகிறவர் “நீங்க எழுதியிருந்தீங்களே” என்று தொடங்குகிறாரா? விலையைக் கேட்டு அதிர்ச்சி அடையாமல், எந்த அளவு வேண்டும் என்பதற்கு நேராக வருகிறாரா? போனில் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நேரம் குறைகிறதா? வேறு ஊரிலிருந்து முதல்முறையாக ஒருவர் கூரியரில் அனுப்பச் சொல்கிறாரா? புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு வாடிக்கையாளருக்குச் சரியாகப் பதில் சொல்கிறானா? யார் எப்படி வந்தார் என்பதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வந்தால், ஓராண்டு முடிவில் கணக்கு தெளிவாக நிற்கும்.

பணத்துக்கு அப்பால் இதில் இன்னொரு பெரிய காரியம் இருக்கிறது. பெரிய நிறுவனத்திடம் முதலீடு உண்டு, விளம்பர நடிகர் உண்டு, தள்ளுபடி கொடுக்கும் தெம்பு உண்டு. சிறு வணிகரிடம் இருப்பது தொழிலறிவு. எந்தக் காட்டு எள்ளில் எண்ணெய் நிற்கும், எந்தத் துணி மூன்றாம் துவையலில் சுருங்கும், எந்த மோட்டாரில் கோடையில் சுருள் கருகும் என்பது தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு. அது பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது. பிள்ளை வேறு வேலைக்குப் போனால், கடை மூடினால், அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. தமிழ்நாட்டின் எண்ணெய்ச் செக்கு, கைத்தறி, பாத்திரம், பூட்டு, மண்பாண்டம், விதை, நாட்டு மருந்து என்று எத்தனை தொழில்களின் நுட்பம் இப்படிப் பேச்சிலேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மாதம் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதும் கடைக்காரர் தன் வியாபாரத்துக்கு ஆள் சேர்க்கிறார். அதே கையோடு தன் தொழிலுக்குத் தமிழில் ஒரு ஆவணத்தையும் உருவாக்குகிறார். நாளை அதே தொழிலுக்கு வரும் இளைஞர் அதைப் படித்துத்தான் தொடங்குவார். வேறு யாரும் அதை எழுதித்தரப் போவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தகவல் எட்டாது, விளம்பர நிறுவனத்துக்கு அது தேவையில்லை. தெரிந்தவர் நீங்கள். எழுத வேண்டியவரும் நீங்கள்தான். இந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுங்கள், தெரிந்ததை உள்ளபடி எழுதுங்கள், அடுத்தது எந்தத் தேதியில் வரும் என்பதைக் கீழே குறிப்பிடுங்கள். அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.